வேலை மாறியது, சாப்பாடு மாறவில்லை: எடை குறைய சைக்கிளும் அளவான சாப்பாடும்



உடம்பு எடையைக் குறைப்பது பற்றி நாம் பேச்செடுத்தால் சிலருக்குச் சிரிப்பு வரும். "மலை ஏறி இறங்குற நமக்கு எங்க சேர் கொழுப்பு?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். கூடையை மாட்டிக்கொண்டு நாள் முழுதும் மலையில் நிற்கும் கொழுந்துக்காரப் பெண்கள் பலருக்கு எடை கூடுதல் என்பது பிரச்சினை அல்ல. அவர்களில் பலருக்கு எடையும் போதாது, உடம்பில் இரத்தமும் போதாது.

ஆனால் அதே லயத்தில் அடுத்த காம்பராவைப் பாருங்கள். முன்பு கவ்வாத்து வெட்டியவர் இப்போது ஸ்டோரில் மெஷின் பக்கத்தில் நிற்கிறார். கொழுந்து பறித்த அம்மா பென்ஷன் எடுத்து வீட்டில் இருக்கிறார். மகன் ஆட்டோ ஓட்டுகிறான். மருமகள் டவுன் கடையில் உட்கார்ந்து பில் எழுதுகிறாள். இவர்கள் எல்லோருக்கும் வேலை மாறிவிட்டது. தட்டில் விழும் சோறும், கையில் எடுக்கும் ரொட்டியும், தேத்தண்ணியில் போடும் சீனியும் மட்டும் மலை வேலைக்காரருக்குப் போட்ட அதே அளவில் இருக்கின்றன. எரியாமல் மிஞ்சுவது வயிற்றைச் சுற்றிக் கொழுப்பாகச் சேர்கிறது.

இதைச் சரிசெய்ய இரண்டு வேலைகள் செய்ய வேண்டும். ஒன்று, தட்டை இன்றைய வேலைக்கு ஏற்ற மாதிரி மாற்றுவது. இரண்டு, கால்களுக்குப் பழைய வேலையில் கொஞ்சத்தைத் திரும்பக் கொடுப்பது. அதற்குச் சைக்கிள் நல்ல துணை. இந்தப் பாடத்தில் இரண்டையும் படிப்படியாகப் பார்ப்போம்.

1. ஏன் கவலைப்பட வேண்டும்?

வயிற்றுக் கொழுப்பு வலிக்காது. அதனால்தான் நாம் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் அது சீனி வருத்தம், பிரஷர், மாரடைப்பு, மூட்டு நோவு ஆகியவற்றுக்கு வழி திறந்து விடுகிறது. சீனி வருத்தம் ஆரம்பத்தில் எந்த அடையாளமும் காட்டாமல் வருடக்கணக்கில் இருக்கக்கூடும். காலில் பட்ட சின்னக் காயம் ஆறாமல் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் பலருக்கு விஷயம் தெரியவருகிறது. அதன் பிறகு மாதா மாதம் கிளினிக், பஸ் காசு, அந்த நாளின் பேர் இழப்பு என்று குடும்பமே சுமக்க வேண்டியதாகிறது.

தென்னாசிய மக்களான நமக்கு இதில் அவதானம் கூடுதலாக வேண்டும். மற்ற நாட்டவரைவிடக் குறைந்த எடையிலேயே, குறைந்த வயதிலேயே இந்த வருத்தம் நமக்கு வருகிறது.

நல்ல செய்தியும் உண்டு. அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2002ஆம் ஆண்டு வெளியானது. அதில் சேர்ந்தவர்கள் சீனி வருத்தம் வரும் எல்லையில் நின்றவர்கள். அவர்களில் ஒரு பகுதியினர் சாப்பாட்டைத் திருத்தி, உடம்பு எடையில் நூற்றுக்கு 7 பங்கைக் குறைக்கவும், வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி செய்யவும் முயன்றார்கள். மற்றவர்களோடு ஒப்பிடும்போது இவர்களில் சீனி வருத்தம் வந்தவர்களின் தொகை நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்விலும், நடையும் சாப்பாட்டுத் திருத்தமும் இந்த வருத்தத்தைக் குறைத்தன. அங்கே பலருக்கு எடை அதிகம் குறையவில்லை, ஆனாலும் பலன் கிடைத்தது. ஆகவே தராசு முள் அசையவில்லை என்று யாரும் முயற்சியை விட்டுவிடத் தேவையில்லை.

2. முதலில் அளந்து பார்ப்போம்

தராசு இல்லாத வீட்டிலும் செய்யக்கூடிய சோதனை இது. உங்கள் உயரத்துக்குச் சரியாக ஒரு நூல் கயிற்றை வெட்டுங்கள். அதை இரண்டாக மடியுங்கள். மடித்த கயிற்றைத் தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றிப் பிடியுங்கள். வயிற்றை உள்ளே இழுக்கக்கூடாது, மூச்சை இயல்பாக விட வேண்டும். இரண்டு முனையும் ஒன்றோடொன்று தொட்டால் நல்லது. தொடாமல் இடைவெளி விழுந்தால் உங்கள் இடுப்பு உயரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம்.

தையல் டேப் இருந்தால் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை.

டிஸ்பென்சரியில் எடை பார்ப்பவர்கள் கீழே உள்ள அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வளர்ந்த ஆண், பெண் இருபாலாருக்கும் இது பொருந்தும். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பொருந்தாது.

உயரம் 150 செ.மீ. என்றால்: 42 முதல் 52 கிலோ வரை
உயரம் 155 செ.மீ. என்றால்: 45 முதல் 55 கிலோ வரை
உயரம் 160 செ.மீ. என்றால்: 48 முதல் 58 கிலோ வரை
உயரம் 165 செ.மீ. என்றால்: 51 முதல் 62 கிலோ வரை
உயரம் 170 செ.மீ. என்றால்: 54 முதல் 66 கிலோ வரை

இந்த அளவுக்குக் கீழே இருப்பவர்கள் எடை குறைக்கவே கூடாது. அவர்கள் கூடுதலாகச் சாப்பிட வேண்டியவர்கள்.

மேலே இருப்பவர்கள் ஒரேயடியாக இந்த அளவுக்கு இறங்க வேண்டும் என்று பயப்படத் தேவையில்லை. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு அண்ணன் 74 கிலோ இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் 4 கிலோ குறைத்தாலே சீனிக்கும் பிரஷருக்கும் நல்ல மாற்றம் தெரியும். அதை மூன்று மாதத்தில் செய்தால் போதும்.

3. சீனிப் போத்தலில் ஒரு கணக்கு

சாப்பாடு தரும் சக்தியைக் கலோரி என்று அளப்பார்கள். தூரத்துக்குக் கிலோமீட்டர் மாதிரி, சக்திக்குக் கலோரி. உடம்பில் சேர்ந்த ஒரு கிலோ கொழுப்பைக் கரைக்க சுமார் 7,700 கலோரியை மிச்சம் பிடிக்க வேண்டும்.

இப்போது நம்முடைய தேத்தண்ணியைப் பார்ப்போம். தேயிலையில் கொழுப்பும் இல்லை, சொல்லத்தக்க கலோரியும் இல்லை. எல்லாம் நாம் அதில் போடும் சீனியில்தான். ஒரு கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி சீனி போட்டால் சுமார் 15 கிராம். ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் 75 கிராம். இது 300 கலோரி. மாதக் கணக்கில் பார்த்தால் ஒரு ஆளுக்கு மட்டும் இரண்டே கால் கிலோ சீனி. உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு நாளைக்கு 50 கிராமுக்கு மேல் வேண்டாம் என்றும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்றும் சொல்கிறது.

அப்படியானால் மூன்று கரண்டியை ஒன்றாகக் குறைத்தால் நாளைக்கு 200 கலோரி மிச்சம். கடைக் கணக்கில் காசும் மிச்சம். ஒரே நாளில் குறைத்தால் வாய்க்குப் பிடிக்காது. முதல் வாரம் இரண்டரை, அடுத்த வாரம் இரண்டு என்று இறங்குங்கள். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். வெல்லத்தையோ கருப்பட்டியையோ கடித்துக்கொண்டு குடித்தால் பரவாயில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் சீனிதான்.

சோடா, பாக்கெட் ஜூஸ் வாங்கும்போது லேபலில் உள்ள நிறத்தைப் பாருங்கள். நமது நாட்டில் இனிப்புப் பானங்களுக்கு 2016 முதல் இந்த நிற அடையாளம் போடப்படுகிறது. சிவப்பு என்றால் சீனி மிகக் கூடுதல்.

ஆண்களுக்கு இன்னொரு கணக்கு. கால் போத்தல் சாராயத்தில் 300 கலோரிக்கு மேல் இருக்கிறது. அதோடு சாப்பிடும் வடையும் பொரியலும் தனி. தவறணைக்குப் போய்க்கொண்டே தொப்பையைக் குறைக்க முயன்றால் சைக்கிள் மிதித்தும் பலன் இருக்காது.

4. தட்டை எப்படிப் பிரிப்பது?

பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. பட்டினி கிடந்து எடை குறைத்தவர்கள் சாப்பிடத் தொடங்கியதும் பழைய எடைக்குத் திரும்பிவிடுகிறார்கள். தட்டில் இருப்பதன் பங்கை மாற்றுவதுதான் வழி.

தட்டை மனதால் நான்காகப் பிரியுங்கள். இரண்டு பங்கு மரக்கறியும் கீரையும். ஒரு பங்கு சோறு அல்லது ரொட்டி. மீதி ஒரு பங்கு பருப்பு, கடலை, கௌபி, முட்டை, மீன், நெத்தலி இவற்றில் ஏதாவது ஒன்று.

நம்மில் பலருடைய தட்டு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. முக்கால் தட்டுச் சோறு, ஓரத்தில் கொஞ்சம் உருளைக்கிழங்குக் கறி. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் மரக்கறிக் கணக்கில் சேராது, சோற்றுக் கணக்கில் சேரும். கரட், போஞ்சி, கோவா, நோகோல், பீட்ரூட் விளையும் மலைநாட்டில் இருக்கிறோம். லயத்துக்கு முன்னால் உள்ள கீரைப் பாத்தியில் வல்லாரையும் பொன்னாங்காணியும் வளரும். மரக்கறி விலை ஏறும் மாதங்களில் அந்தப் பாத்திதான் கை கொடுக்கும்.

காலையில் ரொட்டி நல்ல சாப்பாடுதான். தேங்காய்ப்பூ போட்டுச் சுட்ட நடுத்தர ரொட்டி ஒன்றில் சுமார் 200 கலோரி இருக்கும். மலை வேலைக்குப் போகிறவர் மூன்று சாப்பிடலாம். ஸ்டோரிலோ கடையிலோ இருப்பவருக்கு இரண்டு போதும், கூடவே பருப்போ அவித்த கடலையோ வைத்துக்கொண்டால் பசி தாங்கும். முடிந்தபோது குரக்கன் மாவைக் கோதுமை மாவோடு கலந்து சுடுங்கள். அதில் நார்ச்சத்து கூடுதல்.

எண்ணெயில் கவனம் வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. பொரிப்பதைக் குறைத்து அவித்தோ சுண்டியோ சமைக்கலாம்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு பானையில் மிஞ்சியதை "வீணாப் போகக்கூடாதே" என்று நீங்கள் சாப்பிடுகிறீர்கள். சில வீட்டில் அம்மாவுக்கு வெறும் சோறுதான் மிஞ்சும், கறி மிஞ்சாது. இதனாலேயே ஒரு பக்கம் இடுப்பு பெருக்கிறது, மறுபக்கம் இரத்தம் குறைகிறது. உங்கள் பங்கு கறியையும் கீரையையும் முதலிலேயே எடுத்து வையுங்கள். சாப்பிட்ட உடனே தேத்தண்ணி குடிப்பதையும் விட வேண்டும். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேராமல் தேயிலைச் சாயம் தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

ஒரே வீட்டில் குறைக்க வேண்டிய அப்பாவும் வளர வேண்டிய பிள்ளையும் இருப்பார்கள். இரண்டு சமையல் தேவையில்லை. பானை ஒன்றுதான், தட்டுக்குத் தட்டு அளவு வேறு.

5. சைக்கிள் ஏறுவோம்

2022ஆம் ஆண்டு பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது நாடு முழுக்கச் சைக்கிளுக்குக் கிராக்கி ஏற்பட்டது. அப்போது வாங்கிய சைக்கிள்கள் பல வீடுகளில் காற்று இறங்கிச் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. அதைத் துடைத்து எடுப்போம்.

சைக்கிளில் ஒரு வசதி, உடம்பின் பாரம் சீட்டில் இறங்குகிறது. அதனால் வருடக்கணக்காக மலை ஏறி முழங்கால் நோவு உள்ளவர்களும் மெதுவாக மிதிக்கலாம். சீட்டின் உயரம் சரியாக இருக்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்து குதிக்காலை மிதியில் வைத்துக் கீழே இறக்கினால் கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்வாக இருந்தால்தான் முழங்கால் நோகும்.

70 கிலோ எடையுள்ள ஒருவர் சமதரையில் நிதானமாக 30 நிமிடம் மிதித்தால் 150 முதல் 200 கலோரி வரை எரியும். இதை நன்றாக மனதில் வைக்க வேண்டும். அரை மணித்தியாலம் மிதித்துவிட்டு வந்து, "களைச்சுப் போனேன்" என்று இரண்டு பனிஸும் சீனித் தேத்தண்ணியும் எடுத்தால் எரித்ததைவிடக் கூடுதலாக உள்ளே போய்விடும். களைப்புக்குத் தண்ணீர் போதும்.

எங்கே ஓட்டுவது? களுத்துறை, காலி, இரத்தினபுரிப் பக்கத்துக் கீழ்நாட்டுத் தோட்டங்களில் இது பெரிய பிரச்சினை அல்ல. மேலே உள்ள நாம் சமமான இடத்தைத் தேட வேண்டும். ஸ்டோர் முன்னால் உள்ள ரோடு, கிரவுண்ட், ஆற்றோரம் அல்லது நீர்த்தேக்க ஓரமாகப் போகும் ரோடு பொருத்தம். அரைக் கிலோமீட்டர் சமதரை கிடைத்தாலும் அதிலேயே போய் வரலாம். ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அதுவும் நல்ல பயிற்சி. இறக்கத்தில் மிதிக்காமல் சறுக்கி வருவது பயிற்சி அல்ல, அந்த நிமிடங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எட்டு வாரத் திட்டம்:

முதலாம், இரண்டாம் வாரம்: ஒரு நாளைக்கு 10 நிமிடம், வாரத்தில் 3 நாள்
மூன்றாம், நான்காம் வாரம்: 15 நிமிடம், 4 நாள்
ஐந்தாம், ஆறாம் வாரம்: 20 நிமிடம், 5 நாள்
ஏழாம், எட்டாம் வாரம்: 30 நிமிடம், 5 நாள்

கடைசிப் படியில் வாரத்துக்கு 150 நிமிடம் வருகிறது. அதைத் தொடர்ந்து கடைப்பிடிக்க வேண்டும். வேகம் எவ்வளவு? மிதிக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம்.

மலைநாட்டு ரோட்டில் கவனிக்க வேண்டியவை:

பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் சைக்கிளைத் தொடாதீர்கள், முதலில் மாற்றுங்கள். இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். முன் பிரேக்கை மட்டும் சட்டென்று பிடித்தால் ஆளைத் தூக்கி முன்னால் எறியும். மழையில் நனைந்த சக்கரத்தில் பிரேக் உடனே பிடிக்காது. செங்குத்தான இறக்கமென்றால் இறங்கி நடப்பதில் வெட்கம் இல்லை. மிஸ்ட் இறங்கும் நேரமும் இருட்டிய பிறகும் வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் முன்னால் வெள்ளை லைட்டும் பின்னால் சிவப்பு லைட்டும் வேண்டும். ஹெல்மட் இருந்தால் போடுங்கள். சாறி முந்தானை, சால், சாரம் ஆகியவை செயினில் சிக்கும் என்பதால் அவற்றை இழுத்துச் செருகுங்கள்.

"பொம்பளைங்க சைக்கிள் ஓட்டினா நாலு பேர் சிரிப்பாங்களே" என்று தங்கச்சிமார் எங்களிடம் சொல்வதுண்டு. சீனி வருத்தம் ஆண், பெண் பார்த்து வருவதில்லை. நாலு பேராகச் சேர்ந்து காலையில் கிரவுண்டில் ஓட்டிப் பாருங்கள். சிரித்தவர்கள் இரண்டு வாரத்தில் பழகிவிடுவார்கள். ஒரு சைக்கிளை இரண்டு மூன்று வீடுகள் முறைவைத்து எடுக்கலாம். சைக்கிளே இல்லாதவர்கள் அதே நிமிடக் கணக்கில் கைவீசி நடக்கலாம். நடையில் கலோரி எரிவது சற்றுக் குறைவு என்பதால் பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

6. யார் முதலில் டொக்டரிடம் கேட்க வேண்டும்?

பிரஷர், இருதய வருத்தம், சீனி வருத்தம் உள்ளவர்களும், 40 வயதைத் தாண்டி நீண்ட காலம் உடம்பை அசைக்காமல் இருந்தவர்களும் தொடங்கும் முன் டொக்டரைக் காண வேண்டும். சீனிக்கு ஊசி அல்லது குளிசை எடுப்பவர்களுக்கு மிதிக்கும்போது சீனி திடீரெனக் குறையக்கூடும். நடுக்கம், வியர்வை, கண் இருட்டல் வந்தால் உடனே இறங்கி இனிப்பு சாப்பிட வேண்டும். அதற்கென்று சட்டைப்பையில் இரண்டு டொபி வைத்திருங்கள். குளிசையை நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மாரும், வளரும் பிள்ளைகளும் சாப்பாட்டைக் குறைக்கக்கூடாது.

மிதிக்கும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, கடும் மூச்சுவாங்கல் வந்தால் உடனே நிறுத்துங்கள். 1990 இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

ஒரு வாரத்தில் ஐந்து கிலோ குறையும் என்று விற்கும் தூளையும் குளிசையையும் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

7. கூட்டிப் பார்ப்போம்

தேத்தண்ணிச் சீனியைக் குறைத்ததில் நாளைக்கு 200 கலோரி. ஒரு ரொட்டி குறைத்ததில் 200. வாரம் ஐந்து நாள் சைக்கிள் மிதித்ததைச் சராசரியாகப் பார்த்தால் நாளைக்கு 100க்கு மேல். மொத்தம் சுமார் 500. ஏழு நாளைக்கு 3,500. அதாவது வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எடை குறையக் குறைய வேகம் மந்தமாகும், சில வாரம் நின்றும் போகும். அது இயல்பு. அப்போதும் சைக்கிளை விடாதீர்கள். எடையைக் குறைப்பதில் சாப்பாட்டின் பங்கு பெரியது. குறைந்த எடை திரும்பி ஏறாமல் பிடித்து வைப்பதில் சைக்கிளின் பங்கு பெரியது.

இந்தக் கணக்கில் கடைக்குக் கொடுக்க வேண்டிய புதுச் செலவு எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள். மலையில் கால்கள் செய்த வேலையை நாம் வேறு விதத்தில் செய்கிறோம், அவ்வளவுதான்.

மாதர் சங்கக் கூட்டத்திலும் வீட்டிலும் பேசிப் பார்க்க:

1. உங்கள் வீட்டுக்கு மாதம் எத்தனை கிலோ சீனி வாங்குகிறீர்கள்? ஆள் கணக்கில் பிரித்தால் ஒருவருக்கு எவ்வளவு?
2. உங்கள் வீட்டில் வேலை மாறியவர் யார்? அவருடைய சாப்பாட்டு அளவு மாறியதா?
3. நேற்று இராத்திரி அம்மாவின் தட்டில் கறி எவ்வளவு இருந்தது?
4. உங்கள் டிவிஷனில் சைக்கிள் ஓட்டக்கூடிய சமதரை எங்கே இருக்கிறது?

இன்று இரவே அந்தக் கயிற்றை வெட்டி வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோரையும் அளந்து பாருங்கள். இடுப்பு எட்டும் இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு, ஆளின் பெயரைக் கட்டி ஆணியில் மாட்டி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே கயிற்றால் மீண்டும் அளவெடுங்கள். கயிறு எட்டாதவர்கள் டிஸ்பென்சரிக்கு வந்து சீனியும் பிரஷரும் பார்த்துக்கொள்ளும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.